அடிக்கடி விழுற ட்ரிப்பரும் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கமும்

மழைக்காலம் வந்தாப் போதும், நம்ம ஊர்ல பல வீடுகள்ல ஈ.எல்.சி.பி. 'டப்'புன்னு விழும். எலக்ட்ரீஷியன் வருவார், ஒயரை மாத்திக் குடுத்து பைபாஸ் பண்ணிட்டு "இனிமே தொல்லை இருக்காதுங்க"ன்னு போயிடுவார். தொல்லை இருக்காதுதான். அந்தப் பெட்டி எதுக்காகப் பொறந்துச்சோ, அந்த வேலையும் நடக்காது. அதோட கதையைக் கொஞ்சம் பார்ப்போம் மக்களே.

ஆரம்ப காலத்து ஈ.எல்.சி.பி., மெஷினோட உலோக உடம்புல வோல்டேஜ் ஏறினா விழும். ஆனா ஒருத்தர் நேரா ஃபேஸ் ஒயரைத் தொட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. இதுக்கு மாற்று, கரண்டையே கணக்குப் பார்க்கறது. ஃபேஸ்ல போனது நியூட்ரல்ல அப்படியே திரும்பணும். குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். (நம்ம பக்கத்துல இப்ப மாட்டுற ஆர்.சி.சி.பி. இந்த வகைதான். பேர் மட்டும் பழசே நிக்குது.)

தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின்ங்கிறவர் 1955-ல தங்கச் சுரங்கங்களுக்காக 250 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே விழுற கருவியைச் செஞ்சார். அடுத்த வருஷமே அதை 20-க்கும் கீழே கொண்டுவந்தார். ஸ்டில்ஃபோன்டைன் சுரங்கக் குடியிருப்புல ஒரு பெண் வீட்டுல கரண்ட் அடிச்சு இறந்துபோக, 1957-58-ல அங்கே சில நூறு வீடுகளுக்கு 20 மில்லி ஆம்பியர் கருவி மாட்டினாங்க.

அமெரிக்காவுல பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டல்சீல் வேற ஒரு கேள்வி கேட்டார். கரண்ட் ஏறின கம்பியைப் பிடிச்சவர் எவ்வளவு வரைக்கும் கையை விடுவிச்சுக்க முடியும்? தன்னார்வலர்களை வெச்சே அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதனாலதான் 1961-ல அவர் உருவாக்கின கருவி 5-லயே விழுந்தது.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். 1970-கள்ல அந்த ஊர்ல இதை மெயின் போர்டுல வெச்சாங்க. நீளமான ஒயர், சுமாரான இன்சுலேஷன், வழி நெடுக கொஞ்சம் கொஞ்சமா ஒழுகி, சும்மா சும்மா விழுந்துச்சு. அதுக்காகக் கருவியைக் கழட்டி வீசல. தண்ணி புழங்குற இடத்து பிளக் பாயின்ட்டுக்கே இறக்கினாங்க. 1980-கள்ல இருந்து அதுவே வழக்கமாச்சு.

இதுல நமக்கும் பாடம் இருக்கு. 30 மில்லி ஆம்பியர் கருவி, 15-ஐத் தாண்டினாலே விழலாம். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் ஃபில்டர்கள் நல்லா இருக்கும்போதே கொஞ்சம் ஒழுகும். ஈரச் சுவரும் பழைய கீசர் காயிலும் சேர்ந்தா முடிஞ்சது கதை. கண்டுபிடிக்க, எல்லா பிளக்கையும் உருவிட்டு ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க. எதுவும் மாட்டாமலே விழுந்தா ஒயரிங்லதான் கோளாறு. சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். அதனால அதை இறக்கினப்புறமும், நியூட்ரல் எங்கேயாவது எர்த்தைத் தொட்டுட்டு இருந்தா ட்ரிப்பர் விழும். இன்வெர்ட்டர் மாட்டினப்புறம் ஆரம்பிச்சதுன்னா, நியூட்ரலைக் கலந்து விட்டிருக்காங்களான்னு முதல்ல கேளுங்க.

எதுவுமே பிடிபடலையா? குளியலறை, சமையலறைக்குத் தனியா ஒண்ணு, மத்த ரூமுக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சு மாட்டச் சொல்லுங்க. கொஞ்சம் செலவாகும். ஸ்டில்ஃபோன்டைன்ல அந்தப் பெண் வீட்டுல அன்னைக்கு இப்படி ஒண்ணு இல்லை.