ஆடவல்லான் என்னும் நிறைகல்

திருவிழாக் காலத்தில் கூத்தப்பெருமான் திருவாபரணங்கள் பூண்டு எழுந்தருளும்போது நம் கண்கள் முதலில் திருமுகத்தையும், பின்னர் தூக்கிய திருவடியையும் நாடுகின்றன. மார்பிலே மின்னும் பதக்கத்தையும், இடையிலே பொலியும் பட்டிகையையும் கண்டு, 'என்ன அழகு!' என்று கைகூப்பி நிற்கிறோம். அந்தப் பதக்கம் எத்தனை எடை, அதிலே எத்தனை கல், எந்தக் கல்லில் கீறல் உண்டு என்று நம்முள் ஒருவரும் கேட்பதில்லை. சந்நிதியில் நின்று கேட்கத் தகாத கேள்வி என்றும் நினைக்கிறோம். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஒரு பேரரசன் இக்கேள்விகளையே கேட்டான். கிடைத்த விடைகளைப் பெருமானுடைய திருக்கோயில் சுவரிலேயே வெட்டுவித்தான். அவ்வரலாற்றையே இன்று சிறிது சிந்திக்கப் புகுகின்றோம்.

முதலாம் இராசராசன் கி.பி. 985-இல் அரியணை ஏறியவன். அவனுடைய இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், இருநூற்றெழுபத்தைந்தாம் நாளன்று, தஞ்சை இராசராசேச்சரத்து விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக் குடம் ஒன்றைக் கொடுத்தான். குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதியிருப்பதை நோக்குக. அடுத்த ஆண்டில், தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் யாவும் விமானத்துக் கல்லிலே வெட்டப்பெறுக என்று ஆணையிட்டான். மன்னன் கொடையோடு மற்றையோர் கொடையையும் ஒரே சுவரில் இடம்பெறச் செய்த ஆணை அது. அக்கல்வெட்டுகளைப் படித்து 1891-ஆம் ஆண்டு முதல் அச்சில் வெளியிடத் தொடங்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் ஆவார்.

அந்தக் கல்வெட்டுகளுள் நகைகளைக் கூறும் பகுதிகளைப் படிப்போர்க்கு முதலில் சற்று அலுப்புத் தட்டும். திருப்பட்டிகை, வீரப்பட்டம், ஏகாவலி, கடகம், காறை என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயரையும் அடுத்து எண்கள்; எண்களை அடுத்து மீண்டும் எண்கள். பொறுமையோடு படித்தால்தான் அதன் உள்ளே ஓடும் உயிர் தெரியும்.

முதலாவது, நிறுத்த கல். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் கழற்சியும் நம் வேலியோரத்துச் செடி கொடி மரங்களில் விளையும் விதைகள். விதை இயற்கையில் விளைவது. ஒன்று போல் மற்றொன்று இராது. ஆகவே கோயிலுக்கென்றே நிலையான நிறைகல் வேண்டும். தஞ்சைக் கோயிலில் பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். இரத்தினங்களையும் இரத்தின அணிகளையும் நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். இரண்டும் பெருமானுடைய திருப்பெயர்கள். தராசின் ஒரு தட்டிலே பெருமானுடைய பெயர் தாங்கிய கல், மறுதட்டிலே பெருமானுக்கு உரிய பொன். தராசைத் தூக்கிப் பிடித்த கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இரண்டாவது, குற்றங்களின் கணக்கு. இதுவே அடியேனை மிகவும் ஆட்கொண்ட பகுதி. இறைவனுக்குக் கொடுத்த வயிரங்களைக் கூறும்போது, பொத்தல் உள்ளவை, முறிவு உள்ளவை, சிவந்த புள்ளி உள்ளவை, கரும்புள்ளி உள்ளவை, வெந்தாற்போன்ற வடு உள்ளவை ஆகியன உட்பட இத்தனை என்று எழுதியிருக்கிறார்கள். முத்துக்களிலும் அப்படியே: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, இரட்டை, நீரோட்டம் குளிர்ந்தவை, சிவந்தவை, தோல் உரிந்தவை. மண்ணுலகத்தையே வென்ற மன்னன், தான் கொடுத்த முத்தில் தோல் உரிந்தது உண்டு என்பதை உலகறியக் கல்லில் எழுதச் சம்மதித்திருக்கிறான்.

ஏன் எழுதினார்கள்? பெருமையைக் குறைத்துக்கொள்ளவா? மணிகளின் இயல்பை அறிந்தோர்க்கு விடை எளிது. நல்ல வயிரம் ஒன்று போலவே மற்றொன்று இருக்கும். குற்றமுள்ள கல்லோ தன்னைத் தவிர வேறு எதனோடும் ஒவ்வாது. கரும்புள்ளி எங்கே என்று எழுதிவிட்டால், அக்கல்லை எடுத்துக்கொண்டு வேறு கல்லை வைக்க ஒருவராலும் இயலாது. கூடுதல் அழகுள்ள கல்லை வைத்தாலும் அகப்பட்டுக்கொள்வர். குற்றமே காவலாக நின்ற வியப்பு இது. மணியின் குற்றங்களைப் பெயரிட்டு அறியும் பழக்கம் சோழர் காலத்தில் புதிதாகத் தோன்றியதும் அன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைவீதியைக் கூறும் இடத்திலேயே வயிரத்தின் குற்றங்களும் பொன்னின் நால்வகையும் வந்துவிடுகின்றன. அக்காவியத்தில் ஒரு சிலம்புக்குள் இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்று முன்கூட்டி அறிந்திருந்தால் கோவலன் உயிர் பிழைத்திருப்பான் என்பதையும் ஈண்டு நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இராசராசன் கொடுத்த பொன்னில் ஒரு பகுதி, சேரனையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொணர்ந்த பண்டாரத்திலிருந்து வந்தது. அதையும் கல்வெட்டே கூறுகிறது. போரில் வந்த பொன் என்பதை மறைக்கவேண்டும் என்று அக்காலத்தார் கருதவில்லை. நமக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு சற்றுத் தயங்குகிறது, தயங்குவதும் தக்கதே.

இனி, அணிகளைக் கையாண்டவர்களைப் பார்ப்போம். கோயிற் பணியாளர் பட்டியலிலே இரத்தினத் தையான் என்று ஒருவர் வருகிறார். மணியையும் முத்தையும் கோத்துத் தைப்பவர். கன்னான் வருகிறார், கண்காணித் தட்டான் வருகிறார். பண்டாரம் காப்போரைப் பிரமதேய ஊர்ச்சபைகள் அனுப்பவேண்டும். அவர்கள் நிலமும் சுற்றமும் பொருளும் உடையவராக இருக்கவேண்டும் என்பது விதி. இழக்கத் தக்கது ஏதேனும் உடையவனிடமே பிறர் பொருளை ஒப்படைக்கலாம் என்ற உலகியல் அறிவு அதில் இருக்கிறது.

உத்தரமேரூரை எல்லோரும் குடவோலைக்காகவே அறிவர். பராந்தகன் காலத்து அவ்வூர்க் கல்வெட்டுகளில் பொன்வாரியம் என்ற குழுவும் உண்டு. பொன்னின் மாற்றுக் காண்போர், உரைகல்லில் பொன்னை உரைத்து, உரைத்த கோட்டின்மேல் மெழுகை ஒற்றி எடுப்பர். கல்லில் ஒட்டிய பொன்துகள் மெழுகில் ஏறிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அத்துகளும் ஊருடையது. ஆகையால் மெழுகை ஊர்ப் பெருமக்களிடம் ஒப்புவிக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். மாற்றுக் காண்போர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மெழுகு நாளடைவில் எத்தனை கழஞ்சாகும் என்பதை அந்த ஊரார் நன்றாக அறிந்திருந்தனர் போலும்!

அணிகளைப் பேணும் முறையையும் இவ்விடத்தில் சில சொற்களால் கூறுவது பயனுடையது. நம் இல்லங்களுக்கும் அது உதவும். பொன்னணியைப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் மென்மையாகத் துலக்குவது நம் முன்னோர் வழக்கம். கல் இழைத்த பழைய அணிக்கு அது ஆகாது. அவற்றில் கல்லுக்கு அடியிலே தகடு வைத்து, அரக்கு நிரப்பி, விளிம்பை மூடியிருப்பர். நீர் உள்ளே புகுந்தால் தகடு கறுக்கும். கல் ஒளி இழக்கும். 'கல் செத்துவிட்டது' என்பார்கள். சூடு பட்டால் அரக்கு இளகும். முத்து சிப்பியின் வயிற்றில் விளைவதால் புளிப்பும் வியர்வையும் அதற்குப் பகை. மரகதத்தில் இயல்பாகவே நுண்ணிய பிளவுகள் உண்டு. திடீர்ச் சூட்டை அது தாங்காது. ஆகவே முத்தையும் மரகதத்தையும் மெல்லிய துணியால் துடைப்பதோடு நிற்கவேண்டும். அபிடேகத்திற்கு முன் அணிகளைக் களைந்துவிடுவதில் சாத்திரமும் உண்டு, பொருளறிவும் உண்டு. வெள்ளிக் கவசத்தை நன்கு சலித்த திருநீற்றால் துடைக்கலாம். புளியும் மணலும் இட்டுத் தேய்த்தால் ஆண்டுக்கு ஆண்டு சித்திர வேலை மழுங்கிக்கொண்டே போகும். அன்பின் மிகுதியாலேயே பல கவசங்கள் முகம் தேய்ந்து போயிருக்கின்றன.

பழுது பார்ப்பதிலே ஒரு நுட்பம். முறிந்த இடத்தை ஒட்டுவதற்கு வெண்காரம் தூவிப் பற்றாசு வைத்து ஊதுவார்கள். பற்றாசு விரைவில் உருகவேண்டும் ஆதலின் அதில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அணியின் எடை சிறிது மாறும். மாற்றும் சிறிது இறங்கும். அராவிய பொடி உதிரும். இதில் வஞ்சனை எதுவும் இல்லை; தொழிலின் இயல்பு. முன் எடை, பின் எடை, திரும்ப வந்த பொடி என்ற மூன்றையும் எழுதிவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. எழுதாவிட்டால் நேர்மையான ஆசாரியும் பழியிலிருந்து தப்பமாட்டார்.

கோயில் நகையை விற்கலாமா, உருக்கலாமா என்ற கேள்வி நம் காலத்தில் எழுந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். ஆலங்குடிக்குச் செல்வோம். திருஇரும்பூளை என்று பாடல்பெற்ற அவ்வூரில் பெருமான் திருப்பெயர் ஆபத்சகாயர். கி.பி. 1054-இல் அங்கே கொடிய பஞ்சம். உண்ண நெல் இல்லை. விதைக்க விதை இல்லை. அரசனுடைய பண்டாரத்திலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஊர்ச்சபையார் கோயிலை அடைந்தனர். கோயிலின் நகைகளும் பாத்திரங்களுமாக 1,011 கழஞ்சு பொன்னும் 464 பலம் வெள்ளியும் கடனாகப் பெற்றனர். அதற்கு ஈடாக 8¾ வேலி நிலத்தைக் கோயிலுக்கு விட்டு, அதன் விளைவிலிருந்து வட்டி செலுத்த ஒப்பினர். ஆபத்துக்கு உதவும் பெருமான் தம் அணிகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றே அடியேன் அக்கல்வெட்டைப் படிக்கிறேன். எத்தனை பொன், எதற்காக, எந்த ஈட்டின் பேரில் என்பன சபை கூடி முடிவு செய்யப்பெற்றுச் சுவரில் எழுதப்பெற்றதால்தான் நாம் இன்று இதைப் பேச முடிகிறது. தஞ்சைக் கோயிலும் தன் காசை ஊர்ச்சபைகளுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுத்து வைத்திருந்தது.

நம் மாநிலத்து 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், ஒவ்வொரு கோயிலும் பதிவேடு வைத்து, அதில் நகை, பொன், வெள்ளி, இரத்தினம் முதலியவற்றை எடையோடும் உட்கூறுகளோடும் மதிப்போடும் எழுதவேண்டும் என்று கூறுகிறது. 2021-இல், அடியார் காணிக்கையாக இட்டுப் பயன்படாது கிடக்கும் பொன் அணிகளை மும்பையிலுள்ள அரசின் உருக்காலையில் கட்டிகளாக்கி வங்கியில் வைப்பிடும் திட்டம் தமிழ்நாட்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் மேற்பார்வை செய்கின்றனர். இதனை ஆதரிப்போரும் உளர், கடிவோரும் உளர். சிறு பொட்டும் உருக்குலைந்த தாலியும் மூட்டையாகக் கிடப்பதைவிடக் கட்டியாவது நன்றென்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. ஆயினும் கைவேலை உள்ள பழைய அணி ஒன்று அம்மூட்டையில் தவறிச் சேர்ந்துவிட்டால், உருகிய பின் அதை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. பிரித்தெடுக்கும் மேசையிலே அமர்பவருக்கு மணியும் வேலைப்பாடும் தெரிந்திருக்கவேண்டும்.

அடியேன் பிறந்த ஊர்ச் சிவாலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அம்பாளுக்கு ஒரு பழைய பதக்கம். திருகு முறிந்ததால் ஊர் ஆசாரி ஒருவரிடம் கொடுத்துத் திரும்பப் பெற்றார்கள். வெள்ளிக்கிழமை சாத்தியபோது, அதைக் காணிக்கையாகக் கொடுத்த குடும்பத்து ஆச்சி ஒருவர் உற்று நோக்கி, "ஆசாரியாரே, எங்கள் அத்தை கொடுத்த பதக்கம் இப்படி இராதே, நடுக்கல் இவ்வளவு சிவப்பாகவா இருந்தது?" என்றார். "ஆச்சி, அம்பாள் சாட்சியாகச் சொல்கிறேன், அதே பதக்கம்தான், அழுக்குப் போயிற்று, அவ்வளவுதான்" என்றார் அவர். பதிவேட்டை எடுத்து விரித்தோம். 'கல் வைத்த பதக்கம் 1' என்று மட்டுமே எழுதியிருந்தது. எடை இல்லை, கல்லின் எண்ணிக்கை இல்லை. ஆச்சியின் சொல்லும் ஆசாரியின் சொல்லும் எதிரெதிரே நின்றன. யாரும் அவரைக் குற்றவாளி என்று கூறவில்லை. குற்றமற்றவர் என்றும் கூற இயலவில்லை. மூன்று தலைமுறையாகக் கோயில் வேலை செய்த குடும்பம் அது. அதன்பின் அவர் திருவிழாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தேர் அவர் வீதி வழியே வரும்போது திண்ணையிலிருந்து எழுந்து கைகூப்புவார், அருகே வரமாட்டார்.

அவர் மறைந்த பின்னர் அவர் மகனார் எங்களோடு அமர்ந்து ஒவ்வோர் அணியையும் நிறுத்து எழுதித் தந்தார். நாங்கள் கேளாமலே குற்றங்களையும் எழுதினார். அந்தப் பதக்கத்திற்கு வந்தபோது நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். பின்னர் பேசாமல் எழுதினார்: நடுக்கல் சிவப்பு, பழைய கெம்பு, அடித்தகடு மாற்றப்பட்டது, கல்லின் கீழ்விளிம்பில் பழைய முறிவு ஒன்று.

அந்த முறிவை முன்னமே எவரேனும் எழுதி வைத்திருந்தால், அன்று வெள்ளிக்கிழமையே அதைத் தேடிப் பார்த்திருப்போம்.