காலண்டரில் ஒரு புள்ளி

அம்மாவின் சமையலறையில் மளிகைக்கடைக்காரர் தந்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். கேஸ் சிலிண்டர் வந்த நாள், பால்காரர் வராத நாள், சீட்டுப்பணம் கட்டவேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே, ஏதோ ஒரு தேதியின் கீழ்மூலையில், நீலப் பேனாவால் வைத்த சின்னப் புள்ளி ஒன்றும் இருக்கும். அது என்னவென்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. நான் வயதுக்கு வந்த பிறகு என் புள்ளியும் சேர்ந்துகொண்டது. அம்மாவுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. வீட்டுக்கு வந்துபோகும் அத்தனை பேர் கண்முன்னும் தொங்கிய அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அந்தப் புள்ளி கைபேசிக்குள் போன கதையை எழுத நினைக்கிறேன். நான் அன்றாடம் புழங்கும் கட்டற்ற மென்பொருள்கள் சில உண்டு. இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, எழுத லிப்ரெஆபிஸ், தோழிகளோடு பேச சிக்னல், வழி பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், மாதவிடாய்க் கணக்குக்கு டிரிப். உங்களுக்குப் பிடித்த செயலிகள் எவை என்று மாணவிகள் கேட்டால் இவற்றைச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் கடைசியில் இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2014இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியில் உடல்நலக் கணக்குச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. உடலுக்குள் போகும் தாமிரம் எவ்வளவு, செலினியம் எவ்வளவு என்றுகூட அதில் குறித்துவைக்கலாம். மாதவிடாயைக் குறிக்க இடமில்லை. உலகின் பாதிப்பேர் மாதாமாதம் எண்ணுகிற ஒரு கணக்கு, செலினியத்துக்கும் பின்னால் போய்விட்டது. எதிர்ப்புக் கிளம்பி அடுத்த ஆண்டு சேர்த்தார்கள். இந்த மறதியை நான் பெரிய சதியாகப் பார்க்கவில்லை. அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அதில் தெரிகிறது.

இதற்குள் சந்தை விழித்துக்கொண்டது. மாதவிடாய்ச் செயலிகள் இளஞ்சிவப்பிலும் பூக்களிலும் வந்து குவிந்தன. விலை கிடையாது, ஆனால் கேள்விகள் நிறைய: வலி இருந்ததா, உறவு கொண்டாயா, குழந்தைக்கு முயல்கிறாயா? கோடிக்கணக்கான பெண்கள் புழங்கிய ஃப்ளோ என்ற செயலி, இந்த விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அனுப்பியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2021 ஜனவரியில் உடன்பாட்டில் முடிந்தது; நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கியபோது, அங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் யோசனைகளில் ஒன்று, அந்தச் செயலியை அழித்துவிடு என்பது. நாள் தள்ளிப்போன கணக்கு நாளை வழக்கில் சாட்சியாக வந்து நிற்கலாம் என்ற பயம். அம்மாவின் புள்ளி யாருக்கும் எதையும் சொல்லத் தெரியாதது. இந்தப் புள்ளிகளுக்கு வாய் இருந்தது.

டிரிப் இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் பிறந்தது. பெர்லினில் ஒரு சிறு கூட்டு எழுதியது. 2019இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. ஜெர்மன் அரசு நிதியில் இயங்கும் புரோட்டோடைப் ஃபண்ட் உதவியது. பூ இல்லை, இளஞ்சிவப்பு இல்லை, ‘கண்ணே’ என்று கொஞ்சுவதில்லை. உடல்வெப்பம், கருப்பைவாய்ச் சளி என்று உடலின் அறிகுறிகளைக் குறித்தால், எந்த விதியின்படி கணிக்கிறது என்பதை மறைக்காமல் காட்டுகிறது. குறித்தவை கைபேசியிலேயே தங்குகின்றன. நிரல் முழுவதும் பொதுவில் கிடக்கிறது. அது வேறெங்கும் எதையும் அனுப்புகிறதா என்று தெரிந்தவர்கள் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு நிரல் வாசிக்கத் தெரியாது. பிறகு திறந்திருந்து எனக்கென்ன பயன் என்று நானும் நெடுநாள் நினைத்ததுண்டு. அந்த எண்ணத்தை மாற்றியது கேரன் சாண்ட்லர் என்ற அமெரிக்க வழக்கறிஞரின் கதை.

அவருக்கு இதயத்தசை தடிக்கும் நோய். எந்த நொடியிலும் இதயம் நின்றுபோகலாம் என்று மருத்துவர்கள் நெஞ்சுக்குள் ஒரு கருவியைப் பொருத்தச் சொன்னார்கள். துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி. அப்போது அவர் மென்பொருள் சுதந்திரம் தொடர்பான சட்ட அமைப்பில் வேலை பார்த்துவந்தார். ஆகவே இயல்பாகக் கேட்டார்: இதில் என்ன நிரல் ஓடுகிறது, நான் பார்க்கலாமா? மருத்துவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தயாரிப்பாளர்களிடம் போனார், வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். முடியாது என்றுவிட்டார்கள். உயிர் முக்கியமென்று, பார்க்க முடியாத நிரலையே நெஞ்சில் ஏற்றுக்கொண்டார். 2010இல் இதுபற்றி ஆய்வறிக்கையும் எழுதினார்.

பிறகு கர்ப்பமானார். கர்ப்பிணிகளுக்கு நெஞ்சு படபடப்பது புதிதல்ல. நம் வீடுகளில், “அப்படித்தாண்டி இருக்கும், கொஞ்சம் சாய்ஞ்சு உட்காரு” என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். கருவிக்கு அது தெரியவில்லை. ஆபத்து என்று எண்ணி, தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்தது. கருவியைத் திருத்த வழியில்லை. அது அவர் நெஞ்சில் இருந்தாலும் அவருடையதில்லை. ஆகவே இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்தைத் தின்று, கருவிக்கு ஏற்ப உடலை அடக்கினார். பிரசவத்துக்குப் பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. அந்தக் கருவியைப் பொருத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அதை வடிவமைத்தவர்களின் மனக்கண்ணில் வயிற்றுப்பிள்ளைக்காரி வந்திருக்கவே மாட்டாள்.

இந்தக் கதைக்குப் பிறகுதான் ‘கட்டற்ற’ என்ற சொல்லே எனக்கு விளங்கியது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்த இயக்கம் அது: மென்பொருளைப் பயன்படுத்த, உள்ளே பார்த்துப் படிக்க, பகிர, மாற்ற உரிமை வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த சொல்லில் இலவசமும் விடுதலையும் குழம்பிக் கிடக்கின்றன. தமிழில் யாரோ நல்ல சொல்லாகப் போட்டார்கள். கட்டுப்பெட்டி என்ற பட்டத்தை ஒருமுறையாவது வாங்கிய பெண்ணுக்கு, கட்டு எது, கட்டவிழ்வது எது என்று அகராதி பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் கதவு திறந்திருப்பதாலேயே பெண்கள் உள்ளே வந்துவிடவில்லை. 2006இல் க்னோம் என்ற கட்டற்ற திட்டத்துக்குக் கோடைக்காலப் பயிற்சிக்காக 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து இல்லை. பெண்களுக்கென்று தனியாக மூன்று இடங்களை அறிவித்தார்கள். நூறு விண்ணப்பங்கள் வந்தன. பெண்களுக்கு ஆர்வமில்லை என்ற பழைய பாட்டை இதற்குப் பிறகும் பாடுகிறவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்வதுண்டு. 2010இல் மரினா சுராகின்ஸ்கயா அந்த முயற்சியை மறுபடி எடுத்து வளர்த்தார். இன்று அது அவுட்ரீச்சி என்ற பெயரில், ஊதியத்தோடு கூடிய பயிற்சியாக நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியே வந்திருக்கிறார்கள். அதைத் தாங்கிநிற்கும் அமைப்பை 2014 முதல் நடத்துபவர் அதே கேரன் சாண்ட்லர்.

ஸ்டால்மனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எப்ஸ்டீன் வழக்கில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய மின்னஞ்சல்கள் கண்டனத்துக்கு ஆளாகி, 2019இல் எம்.ஐ.டி.யிலிருந்தும் தான் நிறுவிய அமைப்பின் தலைமையிலிருந்தும் விலகினார். 2021இல் அந்த அமைப்பின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பி வந்தார். இயக்கத்துக்குள்ளேயே பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நமக்கு இது புது அனுபவமா என்ன? விடுதலை பேசிய எந்த இயக்கத்தில் இது இல்லை?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நடந்தது இன்னும் நுட்பம். யாரும் சேர்க்கலாம், யாரும் திருத்தலாம் என்ற வரைபடம் அது. 2011இல் குழந்தைக் காப்பகங்களுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்று வந்த முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. மதுக்கூடத்துக்கும் இரவு விடுதிக்கும் ஆடையவிழ்ப்பு நடன விடுதிக்கும் தனித்தனி அடையாளங்கள் அப்போதே இருந்தன. புவியியலாளர் மோனிகா ஸ்டீபன்ஸ் 2013இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இன்று காப்பகத்துக்கு அடையாளம் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் பேசிப்பேசிக் கொண்டுவந்தது என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

சிக்னலை நான் நம்புவதற்குக் காரணம் எளிது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று வந்து பயனர் விவரம் கேட்டபோது, அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறெதையும் அவர்கள் சேர்த்துவைக்கவில்லை. 2022 முதல் அதன் தலைவர் மெரிடித் விட்டேகர். 2018 நவம்பரில் கூகுள் ஊழியர்கள், பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்தை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்களே, அதை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர்.

என் கணக்குக்கு ஒரு விபத்து நேர்ந்தது. கைபேசி தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போனது. குறித்தவை கைபேசியை விட்டு வெளியே போகாது என்று பெருமைப்பட்டேனே, அதனால் இரண்டு ஆண்டுக் கணக்கும் கூடவே போனது. கோப்பாக இறக்கிவைக்க டிரிப்பில் வசதி உண்டு. சோம்பல், நான் செய்யவில்லை. அடுத்த வாரம் மருத்துவர், “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மாதாமாதம் கோப்பைக் கணினியில் இறக்கிவைக்கிறேன். சமையலறைக் காலண்டரிலும் சிவப்பில் ஒரு புள்ளி வைக்கிறேன். போன மாதம் என் மகன் பால் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இது என்னம்மா என்று கேட்டான். சொன்னேன்.