மலையை அளந்தவர்களும் விலகி நடந்தவர்களும்

1816 தொடங்கி 1820 வரை பெஞ்சமின் வார்டு, பீட்டர் கானர் என்னும் இரு கிழக்கிந்தியக் கம்பெனி லெப்டினன்டுகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலைமுகடு அவர்களுக்கு எல்லைக்கோடு. வார்டு அதோடு விடவில்லை. 1821இல் பழனி மலையிலும் ஏறி அளந்தார். இந்த அளவைகளைப் பற்றி எழுதிய ஏடுகளில் மலைவாசிகளுக்கும் இடமுண்டு. ஆனால் ஊருக்கும் கணவாய்க்கும் காட்டிய நிதானத்தை அவர்களிடம் காட்டவில்லை.

பசிபிக்கில் கதை சற்று வேறு. ராயாத்தியாத் தீவில் பிறந்த துபாயா 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஏறினார். பூசாரியும் அவரே, கடலோடியும் அவரே. எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட ஒரு வரைபடம் அவர் அறிவிலிருந்து பிறந்தது. மறு ஆண்டே பத்தாவியாவில் இறந்துபோனாலும் பெயர் நின்றுவிட்டது. நம் மலைகளில் வாழும் பளியர் என்னும் பழங்குடியினரோ அரசு ஏடுகளில் வெறும் குலப்பெயராகவே ஏறினார்கள்.

பிறகு அளவுகோல் மனித உடம்பின் மேலேயே வந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு மாகாணத்தைச் சுற்றினார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் சிலரைப் பாடம்பண்ணி அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்ற பயம்! இதைத் தர்ஸ்டனே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். ஓடியவர்கள் பக்கத்து நியாயம் அவருக்கு உறைக்கவில்லை போலும். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பளியரும் வருகிறார்கள்.

ஓடுவதும் ஒதுங்குவதும் காட்டுமிராண்டிக் கூச்சம் என்றே வெகுகாலம் எழுதப்பட்டது. 1960களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் பளியரோடு தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் அதையே வேறுவிதமாகப் பார்த்தார். பளியரிடையே தலைவன் என்று ஒருவர் அதட்டுவதில்லை. சச்சரவு முற்றுமுன் ஒருவர் எழுந்து வேறிடம் போய்விடுவார். அடுத்தவரை மதிக்கும் ஒழுங்கு அது என்பது அவர் முடிவு. வள்ளிக்கிழங்கு தோண்டி, தேனெடுத்து வாழ்பவருக்கு இடம் மாறுவது பெரிய காரியமுமில்லை; காடு திறந்திருக்கும் வரை.

அந்தக் காடு பிறகு கோட்டுக்குள் வந்தது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகேயுள்ள செண்பகத்தோப்புப் பளியர் இப்போது அந்தக் காட்டின் விளிம்பில் குடியிருக்கிறார்கள். சிறுவன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. அந்தச் சட்டப்படி கோரிக்கைகளைச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பரப்பைக் காட்டும் வரைபடத்தைத் தயாரிக்க வேண்டியது கிராம சபை.