மூளையைக் கொடையளித்த கன்னியர்

1986-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டேவிட் ஸ்நோடன் என்னும் ஆய்வாளர் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகளின் மடத்தை நாடிச் சென்றார். பின்னர் அச்சபையில் 75 வயதை எட்டிய 678 சகோதரிகள் நினைவாற்றல் தேர்வுகளுக்கு உடன்பட்டனர். இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கென எழுதி வைத்தனர்.

வார்த்தைப்பாட்டுக்கு முன் இளமையில் அவர்கள் வரைந்த தன்வரலாறுகள் மடத்தின் ஆவணங்களில் இருந்தன. கருத்துச் செறிவின்றி எழுதியோரையே முதுமையில் மறதிநோய் மிகுதியாகப் பற்றியதென 1996-இல் அறிவித்தனர். இளமையின் நடையே நோயின் முன்னறிகுறியா, அல்லது செறிந்த சிந்தனை காவலாயிற்றா? வழக்கு இன்னும் தீரவில்லை.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. 101 வயதில் இறையடி சேர்ந்த ஒரு சகோதரியின் மூளையில் நோயின் தடயங்கள் மலிந்திருந்தன. அவரோ முதிர்ந்த வயதிலும் தேர்வுகளில் தெளிவாக விடையளித்தவர். நினைவிழந்து மறைந்த சகோதரிகளும் அதே கொடையையே விட்டுச் சென்றனர்.