கொல்லிமலை மாதிரி சிக்னல் திண்டாடும் ஊர்களில் வீட்டுக்கே ஒரு டிஎன்எஸ், டிஎச்சிபி சர்வர்: எப்படி அமைப்பது? எதில் உஷார்?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இதுபோன்ற மலை ஊர்களில் மேடு மறைத்தால் டவர் சிக்னல் படுத்துவிடும். ஒரு இணையதளத்தைத் தொட்டால் முதலில் வருவது வெள்ளைத் திரைதான். அந்தக் காத்திருப்பில் ஒரு பங்கு டிஎன்எஸ்ஸுக்காக.

டிஎன்எஸ், டிஎச்சிபி என்றால்?

இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ். 1983-ல் அமெரிக்காவின் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் வீட்டுக்குள் ஒரு எண் கொடுத்து, 'டிஎன்எஸ்ஸை இங்கே கேள்' என்று வழி சொல்வது டிஎச்சிபி.

ரவுட்டரே செய்கிறதே, தனி சர்வர் எதற்கு?

நியாயமான கேள்வி. சர்வர் வைத்தால் ஒருவர் கேட்ட முகவரியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்து, அடுத்தவருக்கு வீட்டிலிருந்தே பதில் தரும். விளம்பரத் தளங்களைத் தடுத்தால் டேட்டாவும் மிச்சம். நெட் இல்லாதபோதும் கேமரா, பிரிண்டரை நாம் வைத்த பெயரிலேயே திறக்கலாம். ஆனால் நெட் வேகம் கூடாது. வீடியோ சுற்றினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எப்படி அமைப்பது?

ராஸ்பெரி பை அல்லது பழைய கம்ப்யூட்டர் போதும். பை-ஹோல், டிஎன்எஸ்மாஸ்க் இரண்டுமே இலவச மென்பொருள்கள். முதலில் சர்வருக்கு மாறாத எண் கொடுக்க வேண்டும். ரவுட்டர் 192.168.1.1 என்றால், சர்வருக்கு 192.168.1.2 வைக்கலாம். போன்களுக்கு 100 முதல் 200 வரை ஒதுக்கலாம். 'கேட்வே' இடத்தில் ரவுட்டரின் எண்ணே இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் வைஃபை இருக்கும், நெட் வராது.

பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். சர்வரின் டிஎச்சிபியை ஆன் செய்த கையோடு ரவுட்டரில் இருப்பதை ஆஃப் செய்துவிட வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே எண் இரண்டு போன்களுக்குப் போகலாம். யாருக்கு நெட் வரும், யாருக்குப் போகும் என்றே தெரியாது. ரவுட்டரில் ஆஃப் செய்ய வசதி இல்லையென்றால் டிஎச்சிபியை விட்டுவிட்டு, டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

கரண்ட் போனால்?

சர்வர் அணைந்தால் சிக்னல் முழுசாக இருந்தாலும் வீட்டில் எந்தத் தளமும் திறக்காது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு நேரத்தில் இப்படி ஆனால் வீட்டில் ரகளைதான். அதனால் ரவுட்டர் இருக்கும் யுபிஎஸ்ஸிலேயே இதையும் மாட்டுவது நல்லது. சர்வர் கெட்டே போனால் ரவுட்டரின் டிஎச்சிபியை மறுபடி ஆன் செய்ய வேண்டும். அதற்கு லேப்டாப்பில் 192.168.1.50 என்று கையால் எண் போட்டு ரவுட்டர் பக்கத்தைத் திறக்கலாம். ரவுட்டர் பாஸ்வேர்டை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் பதற்றம் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஆண்ட்ராய்டு போன் மட்டும் சர்வரைக் கண்டுகொள்ளவில்லையா? செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.