ஏறின கியர்லயே இறங்கு: இறம்பொடை ரோட்டுக்கு ஓட்டோ கியர் வந்த கதை

இறம்பொடை ரோட்டுல இன்னிக்கு ஓடுற வாகனங்கள்ல கணிசமானதுக்கு கிளச் கிடையாது. வெசெல், சீ-எச்ஆர், ரைஸ் என்று குட்டி ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கிற வண்டிகள். உள்ளே ரெண்டே பெடல்தான். பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டி விற்றவை. ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டாக அப்படி ஒன்று வாங்கினால், அது அந்த வீட்டுச் செய்தி மட்டுமில்லை. கொழும்பின் வரி, ஜப்பானின் சட்டம், எங்க மலையின் ரோடு மூன்றும் அதற்குள் இருக்கு. மலையக வரலாறு என்றால் கோப்பி, தேயிலை, பிரஜாவுரிமை என்று எழுதி நிறுத்திக்கொள்கிறோம். வாகனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் எங்க ஆட்களும் உண்டு. அதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கிறோம்.

முதலில் ரோடு. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ்தான் நுவரெலியாவை வெள்ளைக்காரர்களின் குளிர்வாச ஊராக ஆக்கினவர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மேலே போகும் பாதை அந்தக் காலத்திலிருந்தே முக்கியம். பிறகு கோப்பி வந்தது, தேயிலை வந்தது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை பக்கமாகச் சுற்றிப் போனது. இறம்பொடைக்கு வரவே இல்லை. அதனால் இந்தப் பக்கத் தோட்டங்களுக்கு ரோடுதான் எல்லாம். முதலில் மாட்டு வண்டி, பிறகு லொறி, பஸ்.

அந்த ரோடு லேசான ரோடு இல்லை. கம்பளை 500 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கு. நுவரெலியா 1,868 மீற்றர். 60 கிலோமீற்றருக்குள்ள இவ்வளவு ஏற்றம். அதிலும் கடைசிப் பாதி, அதாவது இறம்பொடையிலிருந்து லபுக்கலை வரைக்கும், வளைவுக்கு மேல் வளைவு. 2025 மே 11 விடியற்காலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இ.போ.ச. பஸ் ஒன்று கெரண்டி எல்லயில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த ரோட்டில்தான்.

இப்படிப்பட்ட ரோட்டில் வண்டி ஓட்டுவது ஒரு தொழிலறிவு. தோட்டத்தில் ஜீப்பும் லேண்ட் ரோவரும் துரைக்கு. கொழுந்து லொறி கம்பனிக்கு. எங்க ஆட்களுக்குக் கிடைத்தது ஸ்டியரிங்தான், அதுவும் எல்லாருக்கும் இல்லை. கிளீனராகச் சேர்ந்து, சில்லு மாற்றி, கல் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் ஒருத்தர் டிரைவர் ஆவார். மலைக்கு வெளியே போகாமலே கூலிக் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கக் கிடைத்த சில வழிகளில் அது ஒன்று. லயத்தில் டிரைவருக்கென்று ஒரு மதிப்பு இருந்தது.

அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, வாயால் வந்தது. அதில் முதல் பாடம்: ஏறின கியர்லயே இறங்கு. இரண்டாம் கியரில் ஏறிய மலையை இரண்டாம் கியரிலேயே இறங்கணும். அப்போது இயந்திரமே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். நாலாம் கியரில் போட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். சூடு கூடினால் பிடிப்பு குறையும், பிரேக் ஒயில் கொதித்தால் பெடல் காலுக்கடியில் பஞ்சு மாதிரி உள்ளே போகும். லொறிக்காரர்கள் இதைப் பௌதிகமாகப் படிக்கவில்லை. இறங்கி இறங்கித் தெரிந்துகொண்டார்கள்.

1977 வரை வாகன இறக்குமதி மிகவும் கட்டுப்பட்டிருந்தது. அந்த வருஷம் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் பெருகின. ‘ரீகண்டிஷன்’ என்ற சொல் எங்க பேச்சுத் தமிழுக்குள் வந்தது அப்படித்தான். இந்தியாவிலிருந்து மாருதியும் பஜாஜ் த்ரீவீலும் வந்தன. கடைக்காரர், மாஸ்டர், கொழும்பில் வேலை செய்து காசு சேர்த்தவர் என்று தோட்டத்தைச் சுற்றியிருந்தவர்களும் மெல்ல வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த மாருதியும் வேனும் பெரும்பாலும் மெனுவல் கியர்தான். அதனால் பழைய அறிவு அப்படியே கைமாறியது.

ஜப்பான் ஏன் இவ்வளவு நல்ல வண்டிகளை விற்கிறது? அங்கே புது வாகனத்துக்கு 3 வருஷத்திலும், அதற்குப் பிறகு 2 வருஷத்துக்கொரு தடவையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்குச் செலவு அதிகம். அதைவிட விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று பலர் நினைப்பார்கள். ஜப்பானும் எங்களைப் போல ரோட்டின் இடது பக்கம் ஓடுகிற நாடு, ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் அந்த வண்டிகள் நேராக இங்கே வந்து ஓடும். இதோடு இன்னொன்றும் வந்தது. ஜப்பானில் 1991இலேயே ஓட்டோ கியர் மட்டும் ஓட்டுவதற்கென்று தனி லைசன்ஸ் வந்துவிட்டது. அங்கே விற்பனையாகும் கார்கள் இன்று பெரும்பாலும் எல்லாமே ஓட்டோ. அங்கே பாவித்ததுதான் இங்கே வரும். ஆகவே, கிளச்சை விட்டது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு இல்லை. ஜப்பானிய நகரத்து நெரிசலுக்காகச் செய்த தெரிவு, கப்பலேறி லபுக்கலை வளைவுக்கு வந்திருக்கு.

எந்த வண்டி வரும் என்பதைக் கொழும்பின் வரி தீர்மானித்தது. 2010களின் முற்பாதியில் ஹைபிரிட்டுக்கு வரி குறைந்திருந்தது. ஹொண்டா வெசெல் ஜப்பானில் 2013 டிசம்பரில் வந்தது. கொஞ்ச நாளிலேயே இலங்கை ரோடுகளை நிறைத்தது. நிலத்திலிருந்து கொஞ்சம் உயரம், சின்ன உடம்பு, பெற்றோல் செலவும் குறைவு. துரையின் ஜீப்பைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு அந்த உயரம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு கதவு மூடியது. 2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர். இருந்த வண்டிகள்தான் கைமாறின. பழசாகப் பழசாக விலை குறையணும் என்ற சாதாரண விதியே தலைகீழானது. தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில், அதுவும் கடும் வரிகளோடு.

தோட்டத்துக் கணக்கில் இதைப் பார்க்கணும். 2021இல்தான் நாட் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஒரு பாவித்த வண்டி 70 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் 7,000 நாள் வேலை. வருஷத்துக்கு 300 நாள் கொழுந்து பறித்தாலும் 23 வருஷத்துக்கு மேல். அதனால் எங்க ஊர்ல வண்டி வருவது சம்பளத்தால் இல்லை. லீசிங், வெளிநாட்டுக் காசு, சீட்டு, நகை, சுற்றுலா ஹயர் எல்லாம் சேர்ந்துதான் வருது. வண்டியை ‘எங்களுடையது’ என்கிறோம், ஆனால் பல வருஷத்துக்கு அது லீசிங் கம்பனியுடையது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவதற்குள் என்ன இருக்கு என்று தெரிஞ்சுக்கணும். ‘ஓட்டோ’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அது ஒரே பொருள் இல்லை. பழைய வகையில் கிளச்சுக்குப் பதிலாக ஒயில்தான் விசையைக் கடத்தும். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரமெட்டிக்தான் பெருமளவில் விற்ற முதல் ஓட்டோ கியர். அடுத்தது சீ.வீ.டீ.: பல் சக்கரங்கள் மாறுவதில்லை, இரண்டு கப்பிகளுக்கிடையே ஒரு பட்டி ஓடும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் அதைக் காரில் போட்டு அறிமுகப்படுத்தியது. மூன்றாவது இரட்டைக் கிளச்: உள்ளே உண்மையான கிளச் இரண்டு இருக்கும், கணினி மிதிக்கும். டொயோட்டா ஹைபிரிட்டின் முறை இவை எதிலும் சேராது. வெசெல் என்ற ஒரே பெயருக்குள்ளேயே பெற்றோல் வண்டிக்கு சீ.வீ.டீ., 2013இன் ஹைபிரிட்டுக்கு 7 கியர் இரட்டைக் கிளச், 2021இன் ஹைபிரிட்டில் அது இரண்டும் இல்லை. அந்த இரட்டைக் கிளச் வண்டிகளை 2014இல் ஹொண்டாவே ஜப்பானில் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது.

இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் மெனுவல்காரர் அரைக் கிளச்சில் வண்டியைத் தாங்குவார். அந்தப் பழக்கத்தில் ஓட்டோவிலும் பிரேக்கை விட்டுவிட்டு எக்ஸிலேட்டரை லேசாக மிதித்து நிறுத்தினால், இரட்டைக் கிளச் வண்டியில் உள்ளே கிளச் சூடாகித் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. பிரேக்கில் நிறுத்துவதே சரி. இடது கால் கிளச்சைத் தேடிப் பிரேக்கைக் குத்துவதும் முதல் வாரங்களில் நடக்கும். அந்தக் காலை ஓரமாக வைத்து மறந்துவிடணும். வாங்குகிற ஆள் கம்பளையின் சமதரையில் ஓட்டிப் பார்த்துக் காசு கொடுக்கக் கூடாது. லபுக்கலை வரை ஏற்றி, சூடான பிறகு ரிவர்சும் டிரைவும் மாற்றி, உதறுகிறதா என்று பார்க்கணும். கியர் ஒயில் எப்போது மாற்றியது என்ற பதிவைக் கேட்கணும்.

இறக்கம்தான் பெரிய விஷயம். ‘டி’யில் போட்டு இறங்கினால், காலை எடுத்ததும் பல வண்டிகள் வேகக் கியருக்கே போய்விடும். பிரேக் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் கியர் தண்டில் ‘எஸ்’, ‘எல்’, ‘பி’ என்று எழுதியிருக்கு. வண்டிக்கேற்ப அதில் ஒன்றைப் போட்டால் இயந்திரம் பிடித்துக்கொள்ளும், பழைய இரண்டாம் கியர் போல. ஆனால் அதைச் சொல்லும் கையேடு ஜப்பானிய மொழியில் டாஷ்போர்டுக்குள் கிடக்கு. விற்கிறவர் சொல்வதில்லை. கொழும்பில் ஓட்டோவிலேயே பழகி வருகிறவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு லொறிக்காரரும் இல்லை.

ஓட்டோ கியர் எங்களிடமிருந்து பறித்தது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. கிளீனர் சீட்டில் பெண்பிள்ளைகளுக்கு இடம் இருக்கவே இல்லை. ‘மலை ரோட்டுல பொம்பளப் பிள்ள கியர் மாத்துமா’ என்ற கேள்விக்கு ரெண்டு பெடல் வண்டி பதில் சொல்லியிருக்கு. இன்று டீச்சர்களும் நேர்ஸ்மாரும் இந்த வளைவுகளில் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். கொழுந்துக் கூடையோடு இதே ரோட்டோரம் நடந்த அம்மாமார் பின் சீட்டில் இருக்கிறார்கள். இதையும் வரலாறாக எழுதணும்.

லொறி டிரைவர்மார் சேர்த்துவைத்த அறிவு கிளச்சோடு சேர்ந்து குப்பைக்குப் போகத் தேவையில்லை. அதைத் தமிழில் புது எழுத்துகளோடு சொன்னால் போதும்: தவலந்தென்னைப் பக்கம் இறங்க முன்னாடி ‘டி’யை விடு, ‘எல்’லோ ‘பி’யோ போடு, பிரேக்கை விட்டு விட்டு மிதி. எங்க ஊர்ல வண்டி ஓட்டி ரிட்டையரான தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். புது வண்டி வாங்கின வீட்டுக்காரர்கள் முதல் தடவை இறங்கும்போது பக்கத்துச் சீட்டை அவங்களுக்குக் கொடுக்கட்டும்.