பலேர்மோவில் குளிர்கால வாசம்

வட ஐரோப்பாவின் கடுங்குளிருக்கு ஒதுங்கி, நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களைச் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கழிக்கும் வழக்கம் ஏறக்குறைய இரு நூற்றாண்டுப் பழமை உடையது. 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பங்களுக்கும் பெருஞ்செல்வர்களுக்கும் மட்டுமே அது வாய்த்தது. இன்று பணி ஓய்வு பெற்ற ஜெர்மானிய, டச்சு, பிரெஞ்சு, பிரித்தானியத் தம்பதியர் அதைத் தொடர்கிறார்கள். முன்பு வந்தவர்கள் மாளிகையில் தங்கினார்கள். இப்போது வருபவர்கள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய கேம்பர் வண்டியைத் தாங்களே ஓட்டி வருகிறார்கள்.

இதற்கு இணையான அமெரிக்க வழக்கம் அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கிறது. குவார்ட்சைட் என்ற சிற்றூரை ஒட்டிய அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கட்டணம் செலுத்தித் தங்கலாம். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் முதியோர் அங்கே திரள்கிறார்கள். சிசிலியில் அத்தனை வெற்று நிலம் கிடையாது. வண்டியை ஊருக்குள்ளோ ஊரை ஒட்டியோதான் நிறுத்தியாக வேண்டும். அதனால் பல சிக்கல்கள் வருவது உண்மை. ஆனால் இந்த வாசத்தின் செழுமையும் அதிலிருந்தே கிடைக்கிறது.

தட்பவெப்பம்

பலேர்மோ சிசிலியின் வடகரையில், ஏறக்குறைய 38 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. முன்னால் திரேனியக் கடல். பின்னால் அரைவட்டமாக மலைகள். கோடையில் சூடேறிய கடல் மெல்லத்தான் குளிர்கிறது என்பதால் ஜனவரியிலும் நகரின் சராசரி வெப்பம் 12 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். இரவில் 10 பாகை, பகலில் 15 பாகை என்பது பொதுவான நிலை. ஊட்டியின் ஜனவரி இரவைவிட இது இதமானது. பகலோ ஊட்டியின் பகலைவிடக் குளிர்ந்தது. பனி பெய்வது மிக அரிது. டிசம்பர் இறுதியில் ஹாம்பர்க்கில் பகல் ஏழரை மணி நேரம்தான். பலேர்மோவில் ஒன்பதரை மணி. முதியவர்களுக்கு வெப்பத்தைவிட இந்த இரண்டு மணி நேர வெளிச்சமே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

பாலைவனத்தோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சிசிலியில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான் விழுகிறது, கோடை வறண்டது. குளிர்காலத்தில் வருபவர் வெயிலோடு மழையையும் ஈரக்காற்றையும் ஏற்றுக்கொண்டே வருகிறார். எப்போதாவது ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ என்னும் காற்று வீசினால், குளிர்காலத்திலும் ஓரிரு நாள் வெப்பம் திடீரென உயரும்.

அரசியும் இசைமேதையும்

இந்த வழக்கத்துக்குப் பெரும்புகழ் தந்தது 1845-46 குளிர்காலம். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாயின் மனைவி அலெக்சாந்திரா உடல் நலிந்திருந்ததால், பலேர்மோவின் ஒலிவுத்சாப் பகுதியில் புத்தேரா இளவரசியின் மாளிகையில் வந்து தங்கினார். பேரரசரும் முதல் சில வாரங்கள் உடனிருந்தார். மகள் ஓல்கா, வூர்ட்டம்பெர்க் பட்டத்து இளவரசர் கார்லை இந்த நகரில்தான் சந்தித்து மணம் பேசி முடித்தார்.

இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் 1881 நவம்பரில், 68ஆம் வயதில், மனைவி கோசிமாவுடனும் பிள்ளைகளுடனும் வந்து ஓட்டல் தே பாம் விடுதியில் தங்கினார். தமது கடைசி இசைநாடகமான ‘பார்சிஃபால்’ படைப்பின் இசைக்குறிப்பை 1882 ஜனவரி 13 அன்று அங்கேயே எழுதி முடித்தார். இரண்டு நாள் கழித்து ஓவியர் ரெனுவார் அவரைச் சந்தித்து, முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகக் கிடைத்த அமர்வில் ஓர் உருவப்படம் தீட்டினார். அது இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாக்னர் வெனிசில் காலமானார். ஆகவே முதுமையில் கிடைத்த ஒரு நல்ல குளிர்காலம் என்ன தரும் என்பதற்குப் பலேர்மோ காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று இதுவே.

கப்பல், ஒயின், தூனா மீன் வணிகத்தில் கொழித்த ஃப்ளோரியோ குடும்பம் இந்த வருகையை ஒரு தொழிலாகவே வளர்க்க முனைந்தது. இக்னாசியோ ஃப்ளோரியோ கடலோரத்தில் காசநோயாளிகளுக்கான நலவாழ்வு இல்லமாகத் திட்டமிட்ட கட்டடம், கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பாசிலேயின் கையில் வில்லா இஜியா என்னும் சொகுசு விடுதியாக மாறி 1900இல் திறந்தது. கிரேக்கரின் நலத் தெய்வமான ஹைஜியாவின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது.

அன்று விருந்தினர் மலை மீதிருந்து பார்த்தது, நகரைச் சூழ்ந்த ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளை. அந்தச் சமவெளிக்குக் ‘கோன்கா தோரோ’, அதாவது பொற்சிப்பி என்று பெயர். 1950களிலும் 60களிலும் அரசியல்வாதிகளும் மாஃபியாவும் கைகோத்து நடத்திய கட்டுமான வெறி அந்தத் தோப்புகளில் பெரும்பகுதியைக் காங்கிரீட்டாக்கியது. ‘பலேர்மோ சூறை’ என்றே வரலாறு அதைக் குறிக்கிறது. பாசிலே கட்டிய வில்லா தெலியெல்லா 1959இல் ஒரே வார இறுதியில் இடித்துத் தள்ளப்பட்டது. நகரம் தன் குளிர்கால அழகைத் தானே அழித்துக்கொண்ட காலம் அது. பொறுக்க முடியாத இழப்பு. தப்பிப் பிழைத்த தோப்புகளில் ஒன்று சாக்கூல்லியில் இருக்கிறது. பிற கமலா இனங்கள் ஓய்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும் தார்தீவோ என்ற கமலா அங்கே விளைகிறது. குளிர்கால விருந்தினர் தவறவிடக் கூடாத பழம்.

கேம்பர் வண்டியில் வாழ்க்கை

வண்டிகள் மூன்று வழிகளில் வருகின்றன. ஜெனோவாவிலிருந்து பலேர்மோவுக்குக் கப்பலில் ஏறக்குறைய 20 மணி நேரம். நேப்பிள்சிலிருந்து ஓர் இரவு. கப்பல் கட்டணத்தைத் தவிர்க்க விரும்புவோர் இத்தாலியத் தீபகற்பத்தின் தென்கோடி வரை ஓட்டி, வில்லா சான் ஜொவான்னியில் மெசினா நீரிணையைச் சிறு கப்பலில் கடந்து, ஏ20 நெடுஞ்சாலை வழியே பலேர்மோவை அடைகிறார்கள். நாள் கணக்கில் ஓட்ட வேண்டிய இந்த வழி எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல. கப்பலே நல்லது.

பெரும்பாலான வண்டிகள் 3,500 கிலோ எடைக்குள் அடங்கும். சாதாரணக் கார் உரிமமே அதற்குப் போதும். நூறு லிட்டர் அளவுள்ள தண்ணீர்த் தொட்டி, சிக்கனமாகச் செலவிட்டால் இருவருக்குச் சில நாள் வரும். கழிப்பறையின் கழற்றும் பெட்டி இருபது லிட்டர் அளவே. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் காலி செய்தாக வேண்டும். எரிவாயு சமையலுக்கும் வெப்பமூட்டலுக்கும் சேர்த்துச் செலவாகிறது. குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால் கூரைமேல் உள்ள சூரியத் தகடும் கோடையைப் போல மின்சாரம் தராது. எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கழிவை எங்கே கொட்டலாம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இத்தாலியச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் ஒரு சட்டமும், அதன் விதிகளை உள்வாங்கிய 1992 சாலை விதித்தொகுப்பின் 185ஆம் பிரிவும், சாலையோரம் நிறுத்திய கேம்பர் வண்டியைக் கூடாரமடித்துத் தங்குவதாகக் கருதுவதில்லை. ஆனால் சக்கரங்களைத் தவிர வேறெதுவும் தரையைத் தொடக் கூடாது. கழிவுநீர் வெளியேறக் கூடாது. வண்டியின் அளவுக்கு மீறி இடம் பிடிக்கக் கூடாது. வாசலில் மேசை நாற்காலி போட்ட கணமே அது முகாம் ஆகிவிடும். கழிவை உரிய இடத்தில் மட்டுமே கொட்டலாம்.

பலேர்மோவின் பழைய நகரத்துக்குள் கேம்பர் வண்டியைக் கொண்டுபோவது வீண் துன்பம். சந்துகள் குறுகியவை, 2016 முதல் மையப்பகுதியில் வாகனக் கட்டுப்பாட்டு வலயமும் உண்டு. மேற்கே ஸ்ஃபெர்ராகவால்லோ போன்ற கடலோர ஊர்களிலோ, காவலுள்ள நிறுத்துமிடத்திலோ வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் செல்வதே நடைமுறை.

உண்மையில் மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்குவோர் பலர் பலேர்மோவில் நிற்பதில்லை. தீவின் தென்கிழக்கில், ராகூசா மாவட்டத்துப் புந்தா பிராச்செத்தோவில் அடுத்தடுத்து முகாம்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அதே தம்பதியர் அதே இடத்துக்குத் திரும்புகிறார்கள். பலேர்மோ அவர்களுக்கு வந்திறங்கும், திரும்பிப்போகும் துறைமுகம் மட்டுமே. இது வருந்தத்தக்கது. ஏனெனில் இந்த நகரம் குளிர்காலத்தில்தான் முழுமையாகத் தன்னுடையதாக இருக்கிறது. நவம்பர் 2 நீத்தார் நாளுக்குப் பாதாம் மாவில் செய்த வண்ணப் பழங்கள் கடைகளை நிறைக்கின்றன. டிசம்பர் 13 புனித லூசியா நாளில் வீடுகளில் ரொட்டியும் பாஸ்தாவும் இல்லை. பொரித்த சோற்றுருண்டையான அராஞ்சினாவும், வேகவைத்த கோதுமையில் செய்யும் குச்சீயாவும்தான். 1897இல் திறந்த மாசிமோ அரங்கில் இசைநாடகங்கள் நடக்கின்றன. தாவரவியல் பூங்காவில், 1845இல் நட்ட பேரத்தி மரம் நம் ஆலமரம் போல விழுதூன்றி நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த நகரம் அந்நியமானதல்ல. 1980கள் முதல் இலங்கைத் தமிழர் பலேர்மோவில் குடியேறி, வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்து வேரூன்றியிருக்கிறார்கள். பல்லாரோச் சந்தைப் பக்கம் தமிழ் காதில் விழும். மோந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள புனித ரொசாலியா குகைக்கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழரும் சைவத் தமிழரும் சேர்ந்தே நடந்து ஏறுகிறார்கள்.

தங்கும் கால வரம்பு

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு நுழைவு விசா இல்லை. ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையைக் காட்டி அரசு மருத்துவம் பெறலாம். முதிய தம்பதியருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. மற்றவர்களுக்கு ஷெங்கன் விதி பொருந்தும்: எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். பிரெக்சிட் மாற்றக் காலம் 2020 டிசம்பரில் முடிந்தபின் பிரித்தானியரும் இந்த வரிசையில் சேர்ந்தார்கள். ஐந்து மாதம் தங்கியவர்கள் மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. கனடிய, ஆஸ்திரேலிய, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழருக்கும் இதே கணக்குத்தான். இந்தியருக்கு விசாவும் தேவை. பலேர்மோவிலிருந்து டூனிசுக்குக் கப்பல் உண்டு. துனிசியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் அங்கே கழியும் நாட்கள் 90இல் சேராது. ஆனால் குளிர்காலத்தின் நடுவே கடல் தாண்டி வண்டியைக் கொண்டுபோகத் துனிசியாவில் செல்லுபடியாகும் வாகனக் காப்பீடும் சுங்கப் பதிவும் வேண்டியிருக்கும்.